காது நறுக்காத நாய்கள்

வைகை அணையில் விடிகாலைப் பரிசல்கள் கரை ஒதுங்கும்போது, மீன் வாங்க வருகிறவர்களுக்கு முன்னாலேயே நாய்கள் இடம் பிடித்துவிடுகின்றன. ஜிலேபியும் கட்லாவும் ரோகுவும் தராசில் ஏறும். கேட்டால் அங்கேயே செதில் உரசி, குடலை எடுத்து, துண்டு போட்டுத் தருவார்கள். குடல் எந்தப் பக்கம் வந்து விழும் என்பது நாய்களுக்கு மனப்பாடம். நான் போன ஞாயிற்றுக்கிழமை ஏழு நாய்கள் இருந்தன. குரைப்பில்லை, அடிதடியில்லை, ரேஷன் கடை வரிசைபோல முன்னங்கால்களை நீட்டிக் காத்திருந்தன. அதில் ஒரு செவலைக்கு மடி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கோ புதர் மறைவில் குட்டிகளை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். நான் நாய்களின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட தெருநாய்க்குக் காதில் சின்னதாக ஒரு நறுக்கு இருக்கும். அரசாங்கம் அந்த நாயை ஒருமுறையாவது சந்தித்திருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் ரசீது. ஏழு நாய்க்குப் பதினான்கு காது. பதினான்கும் முழுசாக இருந்தன.

பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்த பெரியவரிடம், “இந்த நாய்க எல்லாம் யாரோடது ஐயா?” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டேம் நாய்க தம்பி” என்றார்.

நியாயமான பதில்தான். ஆனால் டேம் யாருடையது? அணையும் தண்ணீரும் நீர்வளத்துறைக்கு. மீன், மீன்வளத்துறைக்கு. மலைப்பக்கக் காடு வனத்துறைக்கு. சுற்றியிருக்கும் ஊர்களில் சில ஆண்டிபட்டி ஒன்றியத்துக்கு, சில பெரியகுளம் ஒன்றியத்துக்கு. 1959 ஜனவரி 21-ல் காமராஜர் திறந்துவைத்த இந்த அணையில் தண்ணீர் 71 அடிவரை ஏறும். எத்தனை அடியில் யாருக்கு எச்சரிக்கை விட வேண்டும், எத்தனை அடியில் மதகைத் தூக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஓர் அதிகாரி உண்டு. மீன் குடலுக்குக் காத்திருக்கும் செவலைக்கு மட்டும் துறை கிடையாது.

166 அலுவலகங்கள், ஒரு நாய்

தேனி மாவட்டத்தில் 6 நகராட்சிகள்: தேனி அல்லிநகரம், போடிநாயக்கனூர், கம்பம், சின்னமனூர், பெரியகுளம், கூடலூர். அவற்றோடு 22 பேரூராட்சிகள், 8 ஊராட்சி ஒன்றியங்கள், 130 கிராம ஊராட்சிகள். கூட்டினால் 166 அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை, தனி கஜானா, தனி தீர்மானப் புத்தகம். நாய்க்கு எல்லைக்கல் தெரியாது. ராத்திரி பேரூராட்சியில் கறிக்கடை எலும்பு, பகலில் ஊராட்சியில் தென்னந்தோப்பு நிழல் என்று அது இரண்டு உள்ளாட்சியில் குடித்தனம் நடத்தும்.

நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தது. அதனால் அங்கே கேள்வி கேட்க ஒரு கவுன்சிலராவது இருக்கிறார். கிராம ஊராட்சிகளின் கதை வேறு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. நாய் பிரச்சினை நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியாக இருந்த 2025-ல், அதை உட்கார்ந்து விவாதிக்க அணையைச் சுற்றிய ஊர்களில் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை.

மன்றம் இருக்கும் ஊர்களில் விவாதம் எப்படி நடக்கும்? சின்ன ஊர் மன்றக் கூட்டம் இரண்டு பார்த்தவர்களுக்கு மூன்றாவதைச் சொல்ல வேண்டியதில்லை. குடிநீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு முடிந்து, டீயும் வடையும் வந்த பிறகுதான் நாய் வரும். ஒரு கவுன்சிலர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை நாய் துரத்துகிறது என்பார். இன்னொருவர் எங்க வார்டில் மாடு நடுரோட்டில் படுத்துக்கிடக்கிறது என்பார். “நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணலாம்” என்று யாராவது சொல்ல, கூட்டம் சிரிக்கும். செயல் அலுவலர் எழுந்து, நாயைக் கொல்லச் சட்டத்தில் இடமில்லை, கருத்தடைக்கு மையம் இல்லை, மையம் கட்ட நிதி இல்லை என்று மூன்று ‘இல்லை’ சொல்லி உட்காருவார். ‘தெருநாய்களைக் கட்டுப்படுத்த உரிய நடவடிக்கை எடுக்க மன்றம் தீர்மானிக்கிறது’ என்று புத்தகத்தில் ஏறும். அடுத்த பொருள்: வாரச்சந்தை ஏலம்.

அந்த ‘உரிய நடவடிக்கை’க்குக் காதோடு காதாக ஓர் அர்த்தமும் உண்டு. ராத்திரியில் வண்டியில் ஏற்றிக் கணவாய்ப் பக்கமோ மலைரோட்டிலோ இறக்கிவிட்டு வருவது. சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும், கணக்குப்படியும் தப்பு. இந்த ஊரில் பத்து நாயைக் குறைத்தால் அந்த ஊரில் பத்து கூடும். இங்கே காலியான குப்பைமேட்டுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து புது நாய் வரும். அது தடுப்பூசி போட்டதா, போடாததா என்பதும் யாருக்கும் தெரியாது.

சென்னையில் பிறந்த யோசனை

கொன்று பார்த்தாயிற்று. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. சென்னையில் நூற்றாண்டுக்கும் மேலாக. 19-ம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய நாய் பிடித்துக் கொல்லும் வேலையை மாநகராட்சி 1990-கள் வரை விடாமல் செய்தது. புளூ கிராஸ் அமைப்பின் கணக்குப்படி 1996-ல் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. நூறு வருஷம் கொன்ற பிறகும் தினம் 135 நாய் கிடைத்திருக்கிறது என்றால், அந்த வைத்தியத்தின் லட்சணத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

புளூ கிராஸ் தொடங்கியதும் வைகை அணை திறந்த அதே 1959-ல்தான். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 1960-களிலிருந்து அவர்கள் மாநகராட்சியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காது கொடுக்க முப்பது வருஷம் ஆனது. 1996-ல் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. 2001-ல் நாடு முழுவதற்கும் விதியானது. உச்ச நீதிமன்றத்தில் தெருநாய் வழக்கில் வாதாடிய இரண்டு தரப்பும் ‘ஏபிசி’ (விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாடு) என்று சொல்லுகிற திட்டத்தின் சொந்த ஊர் நம் சென்னைதான். அதை மேற்பார்க்கும் இந்திய விலங்குகள் நல வாரியமும் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு 1962-ல் சென்னையில்தான் ஆரம்பித்தது. 2018-ல் தலைமையகத்தை ஹரியானாவுக்கு மாற்றிவிட்டார்கள். தேனி மாவட்டத்துத் தேவாரத்திலோ கோம்பையிலோ கருத்தடை மையம் தொடங்க அங்கீகாரம் வேண்டுமென்றால் இப்போது அங்கேதான் எழுதிப் போட வேண்டும்.

2023 மார்ச் 10-ல் பழைய விதிகளுக்குப் பதிலாக ‘விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்’ வந்தன. பொறுப்பு உள்ளாட்சிக்கு என்று விதி தெளிவாகச் சொல்கிறது. வாரியம் அங்கீகரித்த அமைப்புதான் நாயைப் பிடிக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைப் பிடிக்கக் கூடாது. பால் கொடுக்கும் நாயைப் பிடிக்கக் கூடாது. அறுவைக்குப் பிறகு குறைந்தது நான்கு நாள் வைத்துப் பராமரிக்க வேண்டும். பிடித்த தெருவிலேயே திருப்பி விட வேண்டும். நாய்க்குச் சோறு வைக்கும் இடத்தைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் நடைவாசலிலிருந்தும் தள்ளிக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் நியாயம். எல்லாம் சேர்ந்தால் ஒரு மாநகராட்சியின் வேலை. மேலே சொன்ன அந்தச் செவலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதைப் பிடிக்கக் கூடாது, பால் கொடுக்கிறது. குட்டிகளையும் பிடிக்கக் கூடாது, வயசு போதாது. ஆறு மாதம் கழித்து யாராவது திரும்ப வர வேண்டும். அதற்குள் அது அடுத்த ஈற்றுக்குத் தயாராகியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊரில் 500 நாய்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை கட்டுக்குள் வர வேண்டுமென்றால் குறுகிய காலத்துக்குள் பத்தில் ஏழு நாய்க்காவது அறுவை முடிய வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் அளவு. அதாவது 350. ஒரு மருத்துவர் நாளுக்குப் பத்து செய்தால் 35 வேலைநாள். பிடித்தது, அறுத்தது, ஆறுகிறது என்று எப்போதும் ஐம்பது கூண்டு நிரம்பியிருக்கும். இரண்டு மாதத்தில் வேலை முடியும். அதன் பிறகு? கட்டிடம், அறுவை அரங்கு, வண்டி, குளிர்பெட்டி எல்லாம் பூட்டிக்கிடக்கும். ஒரு பேரூராட்சிக்கு இரண்டு மாத வேலைக்கு நிரந்தர மையம் எதற்கு? ஆறு நகராட்சியும் இருபத்திரண்டு பேரூராட்சியும் ஆளுக்கொரு மையம் கட்டுவது, ஊருக்கொரு வைகை அணை கட்டுவதுபோலத்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அங்கே பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீ, நாய் பிடிப்பது முதல் பராமரிப்பது வரை பல மாவட்டங்களில் செய்துவந்தது. விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்பதால் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதன் பிறகு கேரள உள்ளாட்சிகள் மாற்று ஆள் தேடி அலைந்தன. சட்டத்துக்குள் நிற்காத நல்ல வேலை நடுவழியில் நின்றுபோகும் என்பதற்குக் குமுளி தாண்டினால் உதாரணம் இருக்கிறது.

பொட்டைக் குட்டி எங்கே போகிறது?

மன்றங்களில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தெருநாய் தெருவிலா பிறக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டம் இல்லாத ஊர் இல்லை. திராட்சைப் பந்தல், தென்னை, வாழை. தோட்டமென்றால் காவலுக்கு நாய். காட்டுப்பன்றி வருகிற பக்கம் இரண்டு மூன்று நாய். இந்த நாய்கள் வீட்டு நாயும் இல்லை, தெருநாயும் இல்லை. சோறு வைக்கிற கை ஒன்று உண்டு. சங்கிலி கிடையாது, உரிமம் கிடையாது, ஊசியும் பெரும்பாலும் கிடையாது. ஈன்றால் ஆறு குட்டி. ஆண் குட்டிகளை “காவலுக்கு ஆகும்” என்று கேட்டு வாங்கிப் போவார்கள். பொட்டைக் குட்டியை யாரும் கேட்பதில்லை. கண் திறந்த ஒரு மாதத்தில் அவை சாக்கில் ஏறும். கொல்ல மனசு வராது, பாவம். அதனால் சோறு கிடைக்கிற இடமாகப் பார்த்து விடுவார்கள்: சந்தை, பஸ் ஸ்டாண்ட், கோயில் வாசல், டேம்.

அடுத்த வருஷம் அந்தக் குட்டி ஆறு போடும். நாம் ‘தெருநாய்ப் பெருக்கம்’ என்று சொல்வது, பாதிக்கு மேல், வீட்டுக் கொல்லையிலிருந்து சாக்கில் வந்து இறங்குவது என்பது என் கணிப்பு. நாய் வண்டியை வரவழைத்துத் தெருவில் துரத்துவதைவிட, தோட்டத்து வீட்டில் கட்டிப்போட்டால் நிற்கும் ஒரு பொட்டை நாய்க்கு அறுவை செய்வது எவ்வளவோ சுலபம். பிடிக்க வலை வேண்டாம். எஜமானரே தூக்கிக்கொண்டு வருவார். அறுவைக்குப் பின் நான்கு நாள் கூண்டும் வேண்டாம், வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். வேண்டியதெல்லாம் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள், இலவசமாக, ‘இன்றைக்கு நாய்க்கு ஆபரேஷன்’ என்று எழுதிப்போட்ட ஒரு பலகை.

‘எங்க மாட்டாஸ்பத்திரியில் மாட்டைப் பார்க்கவே நேரமில்லை’ என்று மருத்துவர்கள் சொல்வார்கள். உண்மைதான். காலையில் அங்கே போய் நின்று பார்த்தால் தெரியும்: சினை ஊசிக்கு வந்த பசு, கழிச்சல் கண்ட ஆடு, கால் ஒடிந்த கன்று. ஒரே மருத்துவர் இதையெல்லாம் முடித்துவிட்டு நாய்க்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆனால் தேனிக்காரர்களுக்கு மற்ற பல மாவட்டங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2020-ல் இந்த மாவட்டத்துக்கு ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது, தப்புக்குண்டில் இருக்கிறது. அறுவை கற்க வேண்டிய மாணவர்களும் கற்றுத் தரும் பேராசிரியர்களும் ஒரே வளாகத்தில். பேரூராட்சிகளும் ஒன்றியங்களும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஒரே ஒரு பொது மையத்தை அந்தக் கல்லூரியோடு சேர்த்து, முறையான அங்கீகாரத்தோடு நடத்தினால் வருஷம் முழுக்க அதற்கு வேலை இருக்கும். ஜனவரியில் ஆண்டிபட்டி, மார்ச்சில் போடி, மே மாதம் உத்தமபாளையம் என்று வண்டி சுற்றி வரலாம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஒரே குழாயை ஊர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடிகிறது. கூட்டு நாய்த் திட்டத்துக்கு மட்டும் என்ன தடை?

ஊசி முதலில்

வயதானவர்களிடம் நாய்க்கடி என்று சொல்லிப் பாருங்கள். கை தன்னால் தொப்புளுக்குப் போகும். ‘தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி’ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-ன் கடைசியோடு கைவிட்டுவிட்டது. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கையில் போடுகிறார்கள்: கடிபட்ட அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் உண்டு. அதற்கு ஆண்டிபட்டிப் பக்கத்தார் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவார்கள்.

இவ்வளவு இருந்தும் ஆள் சாகிறது. 2024-ல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம், வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. சுண்ணாம்பு தடவுவது, மிளகாய்ப்பொடி வைப்பது, வேர் கட்டுவது, குட்டி நாய்தானே பிராண்டியது என்று விட்டுவிடுவது, இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விடுவது - ஆளைக் கொல்வது இவைதான். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்பதைப் பேருந்து நிலையச் சுவரில் எழுதிப்போட ஒரு பேரூராட்சிக்கு எவ்வளவு செலவாகும்? கட்சி விளம்பரம் எழுதும் பெயின்டருக்கு அரைநாள் கூலி.

நாயைக் குறைப்பது வேறு, வெறிநோயைக் குறைப்பது வேறு. மன்றங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டு, மூட்டை கனக்கிறது என்று இறக்கி வைத்துவிடுகின்றன. கருத்தடைக்கு அரங்கு வேண்டும். தடுப்பூசிக்கு வலையும் குளிர்பெட்டியும் நாலு ஆளும் போதும். தெருவிலேயே பிடித்து, குத்தி, பெயின்ட் அடையாளம் வைத்து விட்டுவிடலாம். கோவா அதைத்தான் செய்தது. தெருத்தெருவாகப் போய் பத்தில் ஏழு நாய்க்கு ஊசி என்ற இலக்கை வருஷா வருஷம் துரத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 2021-ல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. நாய்கள் அங்கே இன்னும் கடற்கரையில் படுத்துத் தூங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

டெல்லி உத்தரவு, ஆண்டிபட்டி கஜானா

2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லிப் பகுதித் தெருநாய்களை மொத்தமாகப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. நாடு இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தளர்த்தி, ஊசியும் கருத்தடையும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர என்றது. நவம்பர் 7-ல் இன்னோர் உத்தரவு, இந்த முறை நாடு முழுவதற்கும்: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களிலிருந்து நாயை அப்புறப்படுத்த வேண்டும், அங்கேயே திருப்பி விடக் கூடாது, நெடுஞ்சாலைகளிலிருந்து மாடுகளையும் அப்புறப்படுத்த வேண்டும்.

மருத்துவமனையில் நாய் படுத்திருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிரசவ வார்டு வாசலில் நாயைப் பார்த்தவர் யாருக்கும் இருக்காது. ஆனால் பிடித்த நாயை எங்கே வைப்பது? ஒரு நாய்க்குச் சோறும் கோழிக்கழிவும் சேர்த்து நாளுக்கு நாற்பது ரூபாய் என்று வைத்தாலும், நூறு நாய்க்கு வருஷத்துக்கு 14 லட்சத்து 60 ஆயிரம். ஆள் சம்பளம், மருந்து, கட்டிடம் தனி. நாய் பத்து வருஷம் வாழும். தெருவிளக்குக்கு மின்கட்டணம் கட்டவே மூச்சு வாங்கும் பேரூராட்சி இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதும்? அப்புறப்படுத்துவதைவிட, வர விடாமல் செய்வது மலிவு. பள்ளிக்குச் சுற்றுச்சுவர், மருத்துவமனைக்குக் கேட், சாப்பாட்டு மிச்சத்தைத் திறந்த தொட்டியில் கொட்டாத ஒழுங்கு. நாய் சோற்றுக்கு வருகிறது; நம்மைப் பார்க்க வரவில்லை.

தொழுவத்துக்குப் போன மாடு

அந்த உத்தரவில் வந்த மாட்டின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறும் சாலையும், மதுரையிலிருந்து ஆண்டிபட்டி, தேனி, போடி வழியாக மூணாறு போகும் சாலையும் தேசிய நெடுஞ்சாலைகள். ராத்திரியில் மாடுகளுக்குத் தார்ரோட்டின் வெதுவெதுப்பு பிடிக்கும். கறுப்பு மாடு, கறுப்பு ரோடு, லைட் போடாத பைக்.

இதற்கு நம் ஊர்களில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது: கொண்டித்தொழு. மேய்ச்சல் தப்பிப் பயிரில் விழுந்த மாட்டைக் கொண்டுபோய் அடைப்பார்கள். சொந்தக்காரர் அபராதமும் தீவனச் செலவும் கட்டி மீட்பார், வராவிட்டால் ஏலம். 1871-ம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் அதற்குப் பிடிமானம். இன்றைக்குப் பல ஊர்களில் கொண்டித்தொழு என்பது பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிடித்த மாட்டைக் கட்ட இடம் இல்லாததால் உள்ளாட்சி பிடிப்பதில்லை. பிடிக்காததால் மாட்டுக்காரர் பயப்படுவதில்லை. ஊருக்குள் கால்நடை வளர்க்க உரிமம் வேண்டும் என்று சொல்லும் 1997-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அது பெரும்பாலும் பன்றி வளர்ப்பவர்களை விரட்டும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரும். ஏழைமீது மட்டும் பாயும் சட்டங்களின் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த மண்ணுக்கு மாட்டை அடைக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கம்பம் நந்தகோபாலன் கோயிலின் தம்பிரான் மாட்டுத்தொழுவுக்கு மாட்டுப்பொங்கல் அன்று கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலைமாடு வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மந்தையை மலையேற்றி மழைக்குப் பிறகு இறக்கியவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 2025 ஆகஸ்ட்டில் போடிப் பக்கம் சீமான் மாடுகளோடு மலையேறப் போய் வனத்துறையோடு மல்லுக்கு நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். மலையில் மேய இடம் சுருங்கினால் மாடு எங்கே வரும் என்று எந்த நகர்மன்றத்தையும் யாரும் கேட்கவில்லை. மாடு மட்டும் கீழே வந்துவிட்டது.

விலங்கு என்றதும் அரசு எப்போதுமே அசையாது என்று சொன்னால் அது பொய். 2023 மே 27 காலையில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருவில் ஓடியபோது மாவட்டமே எழுந்து நின்றது. 144 தடை உத்தரவு, கும்கிகள், மருத்துவர்கள், மயக்க ஊசி. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் கேரளம் கொண்டுவந்து விட்ட யானை, மேகமலை வழியாக நம் பக்கம் இறங்கியிருந்தது. ஜூன் 5 அதிகாலையில் பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பினார்கள். ஒரு யானைக்கு ஒன்பது நாளில் இரண்டு மாநிலமும் அத்தனை துறைகளும் பேசிக்கொண்டன. யானை தொலைக்காட்சியில் வந்தது. பொட்டைக் குட்டி சாக்கில் வருகிறது.

அந்தக் குட்டிக்காகக் கேட்கவும் ஓர் இடம் உண்டு. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22 - வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூடியாக வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து கேட்கலாம். நாயைக் கொல்வதா, கும்பிடுவதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். நம் ஊர் மாட்டாஸ்பத்திரியில் எந்தக் கிழமை நாய்க்கு ஊசி, எந்தக் கிழமை பொட்டை நாய்க்கு அறுவை, அதற்கு ஊராட்சி எவ்வளவு ஒதுக்குகிறது என்று மட்டும் கேளுங்கள். ‘உரிய நடவடிக்கை’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிழமையும் தொகையும் எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.